எண்கள் சாட்சி சொல்லுமா?

மகாநாடு என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம்மிற் பலருடைய மனக்கண்முன் தோன்றுவன மாலையும் மேடையும் வரவேற்புரையும் நன்றியுரையுமே. அச்சொல்லோடு நிதி, கணக்கியல் என்னும் இரண்டையுஞ் சேர்த்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை. ‘அது கணக்காளர் பாடு, நமக்கென்ன?’ என்று அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவோம்.

ஆனால் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் நன்று. ஒரு கம்பனி நொடித்து வீழும்போது உண்மையில் வீழ்பவர் யாவர்? ஓய்வூதியத்துடன் கிடைத்த பணிக்கொடைப் பணத்தை வைப்பிலிட்ட ஆசிரியர். மகளின் திருமணத்துக்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்த தாய். அக்கம்பனிக்குக் கடனாகச் சரக்குக் கொடுத்த சிறு வியாபாரி. மாத முடிவிற் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் தொழிலாளி. இவர்கள் எவரும் கணக்கேட்டைத் திறந்து பார்த்தவரல்லர். எனினும் அந்த ஏட்டில் எழுதப்பட்ட எண்கள் மெய்யா பொய்யா என்பதிலேயே அவர்களுடைய வாழ்வு தங்கியிருக்கின்றது.

ஆகவே, அந்த எண்கள் வருங்காலத்தைப் பற்றி ஏதேனும் சொல்ல வல்லனவா என்ற வினா கற்றோருக்கு மட்டும் உரியதன்று. அவ்வினாவை ஒரு பல்கலைக்கழகம் எவ்வாறு எழுப்பிற்று, அறிஞர் கூடி அதனை எவ்வாறு சோதித்தனர் என்பதையே இவ்வாரம் நேயர்களுக்குக் கூற விழைகின்றோம்.

எழுதும் முறையும் எழுதியதன் பயனும்

வணிகம் செய்யும் எவரும் ஆண்டு முடிவில் இரண்டு கேள்விகளுக்கு விடை காணவேண்டும். இவ்வாண்டில் ஈட்டியது எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்பது ஒன்று. இன்றைய தினத்தில் நம்மிடம் உள்ளது எவ்வளவு, பிறருக்கு நாம் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு இலாபநட்டக் கணக்கு விடை தருகின்றது. இரண்டாவதற்கு ஐந்தொகை விடை தருகின்றது.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றினும் செய்வதற்கு இது எளிதன்று. பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய இயந்திரத்தை வாங்கிய விலையில் எழுதுவதா, இன்றைய விலையில் எழுதுவதா? இன்னும் வந்து சேராத கடனை வரவாகக் கொள்வதா, கொள்ளாதிருப்பதா? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கணக்கியல் அறிஞர் பெரும்பாலும் இத்தகைய வினாக்களிலேயே மூழ்கியிருந்தனர். கணக்கை எப்படி எழுத வேண்டும் என்று ஒவ்வொருவரும் தத்தம் கொள்கையை நிலைநாட்ட முயன்றனரேயன்றி, எழுதப்பட்ட கணக்கு படிப்பவருக்குப் பயன்பட்டதா என்று உலக நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் மிகச் சிலரே. பல்வேறு காலத்து விலைகளையும் பல்வேறு மதிப்பீடுகளையும் கலந்து பெறப்படும் ‘இலாபம்’ என்ற எண்ணுக்குப் பொருளே கிடையாது என்று வாதிட்டவர்களும் இருந்தனர்.

இவ்வாதங்களைச் சொல்லால் மட்டும் தீர்க்க இயலாது. மருந்து நல்லதா என்பதை நோயாளி குணமடைந்ததைக் கொண்டு அறிவதுபோல, கணக்கு நல்லதா என்பதைப் பின்னர் நிகழ்ந்ததைக் கொண்டே அறியவேண்டும். அதற்குப் பல ஆண்டுத் தரவுகள் வேண்டும். அவற்றை எண்ணிக் கணிக்கும் கருவியும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்த இடங்களுள் முதன்மையானது அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகம்.

ஒரு விளம்பரம் எழுப்பிய கேள்வி

பங்கு வாங்கி விற்கும் தரகு நிறுவனமாகிய மெரில் லிஞ்சைச் சேர்ந்த லூயி எங்கெல் என்பார், பொதுப் பங்குகளில் முதலிட்டவர்கள் மற்ற முதலீடுகளைச் செய்தவர்களோடு ஒப்பிடும்போது எவ்வளவு பயன் அடைந்தனர் என்பதை விளம்பரத்திற் சொல்ல விரும்பினார். ஆனால் அதற்குரிய திட்டமான விடை எவரிடமும் இருக்கவில்லை. அவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜேம்ஸ் லோரியை அணுகினார். அதன் பயனாக 1960-ஆம் ஆண்டில், அந்நிறுவனம் வழங்கிய நன்கொடையுடன், பங்கு விலைகளை ஆராய்வதற்கென ஒரு நிலையம் அப்பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்டது.

லோரியும் அவருடைய சகபாடியான லோறன்ஸ் பிஷரும் நியூயோர்க் பங்குச் சந்தையின் பொதுப் பங்குகளுக்கு 1926 தொடக்கம் 1960 வரையிலான மாத முடிவு விலைகளைத் திரட்டினர். பங்கு பிரிக்கப்பட்டதா, பங்கிலாபம் கொடுக்கப்பட்டதா, கம்பனி வேறொன்றுடன் இணைந்ததா என்று ஒவ்வொன்றையும் பார்த்துத் திருத்திக் காந்த நாடாவிற் பதித்தனர். 1964-இல் வெளியான முடிவின்படி, வரியைக் கணக்கிற் கொள்ளாதவிடத்து, அக்காலம் முழுவதிலும் கிடைத்த வருவாய் ஆண்டொன்றுக்குக் கூட்டு வட்டியாக ஏறக்குறைய நூற்றுக்கு 9 ஆக இருந்தது. 1929-இன் பெருவீழ்ச்சியும் உள்ளடங்கிய காலம் அது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

அவ்வெண்ணைக் காட்டிலும் அந்த நாடாவே பெரிய செல்வமாயிற்று. கணக்கறிக்கை ஒரு பக்கம், அதன் பின் பங்கு விலை நடந்துகொண்ட விதம் மறுபக்கம் என இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அறிஞருக்கு முதன்முறையாகப் பெருமளவில் ஏற்பட்டது.

1966: ஆராய்ச்சி மகாநாடு

இதற்கிடையில், 1963-ஆம் ஆண்டில் சிக்காகோப் பல்கலைக்கழகமும் இலண்டன் பொருளியற் கல்லூரியும் இணைந்து கணக்கியல் ஆராய்ச்சிக்கென ஓர் ஏட்டைத் தொடங்கியிருந்தன. அவ்வேட்டின் சார்பில் 1966-இல் சிக்காகோவில் ஒரு மகாநாடு கூட்டப்பட்டது. கணக்கியலில் நிகழ்வுகளைச் சோதித்து அறியும் ஆராய்ச்சியே அதன் பொருள். எப்படி எழுத வேண்டும் என்ற உபதேசத்துக்கு அங்கே முதலிடம் இல்லை. எழுதியதன் விளைவு என்ன என்பதற்கே முதலிடம். அன்று தொடங்கிய அம்மகாநாடு ஆண்டுதோறும் தொடர்ந்து நடந்து வருகின்றது.

இத்தகைய மகாநாடுகள் நடைபெறும் முறையை மாணவர்கள் அறிந்திருத்தல் நல்லது. ஆராய்ச்சியாளர்கள் தம் கட்டுரைகளை முன்கூட்டியே அனுப்புவர். அவற்றுட் சில தெரிந்தெடுக்கப்படும். தெரிந்தெடுக்கப்பட்ட கட்டுரையை மகாநாட்டுக்கு முன்னரே மற்றவர் படித்துவிடுவர். கட்டுரையாளர் தம் முடிவைக் கூறி அமர்ந்ததும், அதனை விமரிசிப்பதற்கென்றே நியமிக்கப்பட்ட ஒருவர் எழுவார். பாராட்டு இரண்டு வசனத்தில் முடிந்துவிடும். பின்னர் குறைகள் ஒவ்வொன்றாக வெளிவரும். தரவு போதுமா? ஒப்பீடு நேர்மையானதா? இம்முடிவுக்கு வேறு காரணம் இருக்கலாகாதா? அதன்பின் சபையோரும் வினாத் தொடுப்பர்.

சிக்காகோ மகாநாட்டின் வெளியீட்டில் கட்டுரை மட்டுமன்றி அதன்மேல் எழுந்த விமரிசனமும் கட்டுரையாளரின் மறுமொழியும் சேர்த்தே அச்சிடப்பட்டன. புகழுரையை அச்சிடுவது எங்கும் உள்ள வழக்கம். மறுப்புரையையும் உடன் அச்சிடுதல் அறிவுக்குச் செய்யும் மரியாதை என்றே நாம் கருதுகின்றோம்.

பீவரும் குளமும்

அம்முதல் மகாநாட்டிற் படிக்கப்பட்ட கட்டுரைகளுள் ஒன்று இன்றும் மாணவர்களாற் படிக்கப்படுகின்றது. அதனை எழுதியவர் வில்லியம் பீவர். முந்திய ஆண்டிலேதான் சிக்காகோவிற் கலாநிதிப் பட்டம் பெற்ற இளைஞர். அவர் எடுத்துக்கொண்ட வினா இதுதான்: ஒரு கம்பனி நொடிக்கப் போகின்றது என்பதை அதன் கணக்கறிக்கையைக் கொண்டு முன்னரே அறிய இயலுமா?

தம் ஆராய்ச்சிக்கு அடிப்படையாகப் பீவர் ஒரு நீர்த்தேக்கத்தை உவமை காட்டினார். குளத்தையும் மதகையும் கண்டு வளர்ந்த நமக்கு அவ்வுவமை எளிதில் விளங்கும். கம்பனியின் கையிலுள்ள காசும் காசாக மாறக்கூடிய சொத்தும் குளத்து நீர். வியாபாரத்தால் வரும் காசு வாய்க்கால் வழியே வந்து விழும் நீர். செலவும் கடன் தீர்ப்பும் மதகு வழியே வெளியேறும் நீர். குளம் பெரிதாக இருந்தால் ஒரு பருவம் மழை பொய்த்தாலும் தாங்கும். குளம் சிறிதாகவும் வரத்து மெலிந்தும் கடன் என்னும் மதகு அகலமாகவும் இருந்தால் என்றோ ஒருநாள் அடித்தரை தெரியும். அந்நாளையே நொடிப்பு என்கின்றோம்.

அவர் 1954 தொடக்கம் 1964 வரையிலான காலத்தில் நொடித்த 79 கைத்தொழிற் கம்பனிகளைத் தேடி எடுத்தார். அவற்றுள் 59 வங்குரோத்தானவை. 16 முன்னுரிமைப் பங்குகளுக்குரிய பங்கிலாபத்தைக் கொடுக்கத் தவறியவை. 3 கடன் பத்திரங்களுக்குரிய பணத்தைச் செலுத்தத் தவறியவை. ஒன்று வங்கிக் கணக்கில் இருப்புக்கு மேல் எடுத்தது. ஒவ்வொன்றுக்கும் இணையாக, அதே தொழிலிலும் ஏறக்குறைய அதே அளவிலும் உள்ள, நொடிக்காத ஒரு கம்பனியையும் எடுத்துக்கொண்டார். ஆக, எழுபத்தொன்பது சோடிகள். வீழ்ச்சிக்கு முந்திய ஐந்து ஆண்டுகளின் கணக்கறிக்கைகளிலிருந்து முப்பது விகிதங்களைக் கணித்து ஒப்பிட்டார்.

கண்டது யாது? வங்கியாளர் நெடுங்காலமாக நம்பி வந்தது நடைமுறை விகிதத்தை, அதாவது ஓராண்டுக்குட் காசாகக்கூடிய சொத்தை ஓராண்டுக்குட் கொடுக்க வேண்டிய கடனோடு ஒப்பிடும் விகிதத்தை. பீவரின் சோதனையில் முதலிடம் பெற்றது அதுவன்று. தேறிய இலாபத்துடன், தேய்மானம் முதலாகக் காசு வெளியேறாத செலவுகளைத் திரும்பக் கூட்டி, அத்தொகையை மொத்தக் கடனால் வகுத்தார். காசுப் பாய்ச்சலுக்கும் கடனுக்குமுள்ள அந்த விகிதமே மிகச் சிறந்து நின்றது. மொத்தச் சொத்துக்குத் தேறிய இலாபம் எவ்வளவு என்ற விகிதம் அதற்கு அடுத்ததாக வந்தது.

தாம் கண்ட எல்லைக்கோட்டைத் தாமே மெச்சிக்கொள்ளாதிருக்க அவர் ஒரு வழி செய்தார். கம்பனிகளை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூற்றிற் கண்ட கோட்டை மறு கூற்றின்மீது பொருத்திப் பார்த்தார். வகுப்பிற் செய்து காட்டிய அதே கணக்கைப் பரீட்சையிற் கொடுத்துவிட்டு, மாணவன் கெட்டிக்காரன் என்று கூறும் ஆசிரியரைப் போல் அவர் நடந்துகொள்ளவில்லை. இக்கடுமையான சோதனையிலும், வீழ்ச்சிக்கு முந்திய ஆண்டுக் கணக்கைக் கொண்டு பார்த்தபோது நூற்றுக்கு 13 கம்பனிகளே தவறாக இனங்காணப்பட்டன. ஐந்து ஆண்டுகளுக்கு முந்திய கணக்கைக் கொண்டு பார்த்தபோதும் தவறு நூற்றுக்கு 22 மட்டுமே. நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தால் நூற்றுக்கு 50 தவறாகியிருக்கும்.

ஐந்து ஆண்டு என்பது சிறு காலமன்று. வெளியே கதவு திறந்திருக்கவும், ஊழியர் வேலைக்கு வரவும், விளம்பரம் பளபளக்கவும், உள்ளே கணக்கேட்டில் நோயின் அறிகுறி தெரிந்துகொண்டுதான் இருந்தது. எண்கள் சாட்சி சொல்லும் என்பதற்கு இஃது ஓர் ஆதாரம்.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தல்

ஆயினும் சாட்சி சொன்னவுடன் தீர்ப்புக் கூறிவிடலாகாது. குறுக்கு விசாரணையும் வேண்டும். மகாநாடு என்பது அதற்காகவே.

முதலாவதாக, தவறுகளெல்லாம் ஒரே தன்மையன அல்ல. ஓராண்டுக்கு முந்திய சோதனையில், நல்ல கம்பனிகளுள் நூற்றுக்கு 5 மட்டுமே நொடிக்கும் என்று தவறாகக் குறிக்கப்பட்டன. ஆனால் நொடித்த கம்பனிகளுள் நூற்றுக்கு 22 நல்லவை என்று தப்பிக்கொண்டன. நல்ல கம்பனியை ஐயுற்றுக் கடன் மறுத்தவர் வட்டியை மட்டும் இழப்பார். கெட்ட கம்பனியை நம்பிக் கடன் கொடுத்தவர் முதலையே இழப்பார். இவ்விரண்டையும் கூட்டிச் சராசரி 13 என்று கூறும்போது, மிகவும் அஞ்சத்தக்க தவறே மிகுதியாக நேர்ந்திருப்பது மறைந்துவிடுகின்றது. பீவரே இவ்விரு தவறுகளையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டியமை அவருடைய நேர்மைக்குச் சான்று.

இரண்டாவதாக, சோதனைக்கு எடுத்த கூட்டத்திற் சரிபாதி நொடித்தவை. வெளியுலகம் அவ்வாறானதன்று. ஒரு பேச்சுக்கு, ஆயிரம் கம்பனிகளில் ஓராண்டில் பத்து நொடிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மேற்கூறிய விகிதப்படி அப்பத்தில் ஏறக்குறைய எட்டு பிடிபடும். மீதி 990 நல்ல கம்பனிகளிலும் நூற்றுக்கு ஐந்து வீதம் ஏறக்குறைய ஐம்பது தவறாகக் குறிக்கப்படும். ஆக, ‘ஆபத்து’ என்று குறிக்கப்பட்ட ஐம்பத்தெட்டில் உண்மையிலே நொடிப்பவை எட்டுத்தான். சிறந்த கருவியும், பயன்படுத்தும் இடம் மாறும்போது, வேறு விடை தரும் என்பதை இக்கணக்கு நன்கு விளக்குகின்றது. கணிதம் பயிலும் மாணவர்கள் பத்து என்பதை ஐம்பதாக்கியும் நூறாக்கியும் தாமே செய்து பார்க்கலாம்.

மூன்றாவதாக, பீவர் ஒவ்வொரு விகிதத்தையும் தனித்தனியே எடுத்து ஆராய்ந்தார். ஒரு விகிதம் நலம் என்கின்றது, மற்றொன்று நோய் என்கின்றது. அப்போது எதை நம்புவது? இவ்வினாவுக்கு விடை காண முயன்றவர்களுள் ஒருவர் எட்வேட் ஆல்ட்மன். அவர் 1968-இல் ஐந்து விகிதங்களுக்கு வெவ்வேறு நிறை கொடுத்து ஒரே எண்ணாகத் திரட்டும் முறையை வெளியிட்டார். நொடித்தவை 33, நொடிக்காதவை 33 என அவர் எடுத்த 66 உற்பத்திக் கம்பனிகளுள், ஓராண்டுக்கு முந்திய கணக்கைக் கொண்டு நூற்றுக்கு 95 சரியாகப் பிரிக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய கணக்கைக் கொண்டு பார்த்தபோது அது 72 ஆகக் குறைந்தது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொட்டு மேலே செல்வது இவ்வாறுதான்.

காலந்தாழ்த்தி வரும் செய்தி

அதே 1968-ஆம் ஆண்டின் சிக்காகோ மகாநாட்டுத் தொகுதியிற் பீவரின் இன்னொரு கட்டுரை வெளிவந்தது. ஆண்டு வருமானத்தைக் கம்பனி அறிவிக்கும்போது முதலீட்டாளர் அதனைப் பொருட்படுத்துகின்றனரா என்பது அதன் வினா. 1961 முதல் 1965 வரை 143 கம்பனிகள் செய்த 506 அறிவிப்புகளை அவர் ஆராய்ந்தார். அறிவிப்பு வெளியான வாரத்திற் கைமாறிய பங்குகளின் தொகை ஏனைய வாரங்களின் சராசரியைவிட நூற்றுக்கு 33 அதிகமாக இருந்தது. விலையில் ஏற்பட்ட அசைவின் அளவோ நூற்றுக்கு 67 அதிகம். வருமானம் என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை என்று வாதிட்டவர்களுக்குச் சந்தையே மறுமொழி கூறிவிட்டது.

மகாநாட்டில் அன்றி, அதே ஏட்டின் வேறோர் இதழில், அவ்வாண்டிலேயே இரு அவுஸ்திரேலியர் எழுதிய கட்டுரையும் வெளிவந்தது. சிக்காகோவிற் பயின்ற றே போல், பிலிப் பிறவுண் என்போரே அவ்விருவர். நியூயோர்க் சந்தையிற் பதிவான 261 கம்பனிகளை அவர்கள் ஆராய்ந்தனர். எதிர்பார்த்ததற்கு மேல் வருமானம் ஈட்டிய கம்பனிகளின் பங்கு விலை உயர்ந்தும், எதிர்பார்ப்புக்குக் கீழே நின்றவற்றின் விலை தாழ்ந்தும் இருக்கக் கண்டனர். அம்மட்டில் கணக்காளருக்கு வெற்றி. ஆனால் அவ்வெற்றியோடு ஒரு கசப்பும் கலந்திருந்தது. ஆண்டு வருமான எண்ணில் அடங்கிய செய்தியில் நூற்றுக்கு 85 தொடக்கம் 90 வரை, அவ்வறிக்கை வெளிவரு முன்னரே வேறு வழிகளால் விலையிற் சேர்ந்துவிட்டிருந்தது. கணக்கறிக்கை மெய் பேசுகின்றது. எனினும் ஊரார் பெரும்பாலும் அறிந்த பின்னரே பேசுகின்றது.

அக்கட்டுரையை முதலில் வேறொரு முன்னணி ஏடு ஏற்க மறுத்துவிட்டது என்பதை இங்கு குறிப்பிடாதிருக்க முடியவில்லை. ஆனால் 1986-இல், கணக்கியல் இலக்கியத்துக்கு வித்திட்ட பணிக்கென அமெரிக்கக் கணக்கியற் கழகம் விருது வழங்கத் தொடங்கியபோது முதலாவது விருதைப் பெற்றது அதுவே. தம் எழுத்து ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டதும் பேனாவை மூடிவிடும் நம் மாணவர்கள் இதனை நெஞ்சிற் பதித்துக்கொள்வார்களாக.

நமது இல்லத்துக்கு என்ன பயன்?

இத்தனையும் அமெரிக்காவில் நடந்தவை. இலங்கையில் வாழும் நமக்கு இவற்றால் ஆவதென்ன என்று வாசகர் வினவுதல் இயல்பே.

2008-ஆம் ஆண்டு டிசெம்பரில் கோல்டன் கீ என்னும் கடனட்டைக் கம்பனி நொடித்ததையும், உயர்ந்த வட்டியை நம்பி அங்கு பணமிட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்ததையும் நாட்டவர் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின்னர் 2011-ஆம் ஆண்டின் 42-ஆம் இலக்க நிதித் தொழிற் சட்டம் இயற்றப்பட்டு, உரிமம் பெறாத நிறுவனம் பொதுமக்களிடம் வைப்புப் பணம் பெறுவதற்கு எதிரான ஏற்பாடுகள் இறுக்கப்பட்டன. உரிமம் பெற்ற நிறுவனங்கள் எவையென மத்திய வங்கி பெயர்களை வெளியிட்டு வருகின்றது. பணத்தை எங்கேனும் வைக்குமுன் அப்பட்டியலைப் பார்த்தல் முதற் கடமை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். பீவர் எடுத்த 79 கம்பனிகளில் வங்கிகளோ நிதிக் கம்பனிகளோ இல்லை. அவை கைத்தொழிற் கம்பனிகள். ஆல்ட்மன் ஆராய்ந்தவையும் உற்பத்திக் கம்பனிகளே. பிறர் பணத்தை வாங்கிக் கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நிதிக் கம்பனிக்குக் கடன் மிகுதியாக இருப்பது இயல்பு. அதனை ஆலைக்குரிய அளவுகோலால் அளந்தால் விடை பிழைக்கும். நிதிக் கம்பனியை ஆராய்வோர் அது கொடுத்த கடனில் எவ்வளவு திரும்பி வராது நிற்கின்றது, உரிமையாளரின் சொந்த மூலதனம் எவ்வளவு, கேட்டவுடன் கொடுக்கக் கையிற் காசு எவ்வளவு என்பவற்றையே முதலிற் பார்ப்பர். ஒரு முறையை அது பிறந்த இடத்தின் எல்லையோடு சேர்த்தே கற்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

ஆனால் குளத்தின் உவமை எல்லா இல்லங்களுக்கும் பொருந்தும். மாத வருவாயில் எவ்வளவு கடனுக்கென வெளியேறுகின்றது? வரத்து இரண்டு மாதம் நின்றால் தேக்கத்தில் உள்ளது போதுமா? நகையும் காணியும் உடையோம் என்று மகிழ்ந்திருக்கும் குடும்பத்திலும், கையிற் காசு வற்றினால் அடகுக் கடைக்கு வழி தேடவேண்டி வருகின்றது. சொத்து வேறு, காசு வேறு என்ற உண்மையைச் சமையலறைக் கொப்பியில் வரவு செலவு எழுதும் தாய்மார் எந்த மகாநாட்டுக்கும் போகாமலே அறிவர்.

கேட்கத் துணிவோர் வேண்டும்

இன்று நம் நாட்டிலும் யாழ்ப்பாணம், களனி, சிறீ ஜயவர்த்தனபுர முதலிய பல்கலைக்கழகங்களின் முகாமைத்துவ, வணிக பீடங்கள் ஆராய்ச்சி மகாநாடுகளை நடத்தி வருகின்றன. அங்கு கட்டுரை படிக்கும் மாணவருக்கும், பின்வரிசையில் அமர்ந்து கேட்கும் மாணவருக்கும் நாம் ஒன்று சொல்வோம். மகாநாட்டின் மதிப்பு மேடையின் அலங்காரத்திலும் சான்றிதழின் பொன் எழுத்திலும் இல்லை. கட்டுரை முடிந்த பின் எழும் வினாவிலேதான் அது தங்கியிருக்கின்றது. ‘இந்தத் தரவு எங்கிருந்து வந்தது? நல்ல கம்பனிகளோடு ஒப்பிட்டீர்களா? தவறியவை எத்தனை?’ என்று பணிவோடு கேட்கும் மாணவர் கட்டுரையாளரை அவமதிப்பவரல்லர். அவருக்கு உதவி செய்பவர்.

கட்டுரை படிப்பவரும் தம் வினாவை அருகிலேயே தேடலாம். நம் கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றின் ஆண்டறிக்கைகள் அலுமாரிகளில் உறங்குகின்றன. எவை தழைத்தன, எவை நலிந்தன என்பதை ஊரார் அறிவர். நலிந்தவற்றின் கணக்கில் முன்னரே அறிகுறி தெரிந்ததா? இவ்வினாவுக்குக் காந்த நாடாவும் வேண்டியதில்லை, பெருநிதியும் வேண்டியதில்லை. பொறுமையும் நேர்மையும் போதும்.

எண்கள் தாமாகப் பொய் சொல்வதில்லை. தாமாக மெய் சொல்வதுமில்லை. கேட்பவர் கேட்கும் முறையிற் கேட்டால் அவை சாட்சி சொல்லும். சபையிலே ஒரு மாணவர் துணிந்து எழுப்பும் அக்கேள்வியால், என்றோ ஒருநாள், பெயரறியாத ஒரு குடும்பத்தின் சேமிப்புக் காப்பாற்றப்படலாம்.